விதைப்பையில் இரத்தக்கட்டு: நிறம் மிரட்டும், நேரம் கொல்லும்

புறக்கோட்டையில் கைவண்டி இழுக்கும் நாட்டாமி ஒருவர் என்னிடம் வந்தார். உட்காரும் முன்னே, "டொக்டர், கதவைச் சாத்தலாமா?" என்றார். சாத்தினேன். மூன்று நாளைக்கு முன் சுமையோடு நின்ற வண்டி பின்வாங்கி, கைப்பிடி கவட்டில் இடித்திருக்கிறது. அன்று நல்ல நோ, மறுநாளே குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் குளிக்கப் போனவர் குனிந்து பார்த்தால், விதைப்பை முழுவதும் நாவற்பழ நிறம். அழுகத் தொடங்கிவிட்டதோ என்று இரவு முழுவதும் தூங்கவில்லையாம்.

தொட்டுப் பார்த்தேன். இரண்டு விதைகளும் தனித்தனியாகக் கைக்கு அகப்பட்டன. பெரிய வீக்கமில்லை. சிறுநீர் தடையில்லாமல் போகிறது, இரத்தம் கலக்கவில்லை. வெறும் இரத்தக்கட்டு. (இங்கே வரும் நோயாளர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

விதைப்பைத் தோல் மெல்லியது, தொளதொளப்பானது. அதற்கு அடியில் கொழுப்பும் இல்லை. தொடையில் அடிபட்டால் ஒரு ரூபாய்க் குற்றியளவில் நின்றுவிடும் இரத்தம், இங்கே பஞ்சில் மை ஊறியதுபோலப் பரவிவிடும். அதுவும் உடனே அல்ல, ஓரிரு நாள் கழித்து. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் இதனால் அடிக்கடி மிரண்டு வருகிறார்கள். வெட்டியது அடிவயிற்று மடிப்பில், கறுத்திருப்பது கீழே. இரத்தம் பள்ளம் பார்த்து இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டு கிழமையளவில் தோல் பழைய நிறத்துக்கு வரும்.

முதல் இரண்டு நாளும் ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்குச் சில தடவை வைத்தால் போதும். ஐஸ் நேரடியாகத் தோலில் படக்கூடாது. படுக்கும்போது இன்னொரு துவாயைச் சுருட்டி விதைப்பைக்குக் கீழே கொடுத்து உயர்த்திவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் சாரத்துக்கு மாறுவது நம்மவர் வழக்கம், காற்றோட்டமாக இருக்கும்தான். ஆனால் தொங்கும்போது நோவும் வீக்கமும் கூடும். சில நாள்களுக்குச் சாரத்துக்குள்ளும் உடம்போடு ஒட்டிய உள்ளாடை இருக்கட்டும். நோவுக்குப் பரசிட்டமோல் போதும்: ஈரல் நோயில்லாத, சராசரி எடையுள்ள பெரியவர் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். நோ தீரும்வரை பாரம் தூக்குவது, சைக்கிள், பந்தாட்டம், தாம்பத்தியம் எல்லாம் நிற்கட்டும்.

தைலம் பூசாதீர்கள். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. நெற்றியில் சுள்ளென்று சுகமாக இருக்கும் தைலம் இந்தத் தோலில் நெருப்பாகிவிடும். இரத்தக்கட்டோடு வந்த ஒருவருக்கு நான் கடைசியில் வைத்தியம் செய்தது தைலம் பொசுக்கிய தோலுக்குத்தான். சூடான எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், முதல் இரண்டு நாளில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கசிவைக் கூட்டும்.

அடிபட்ட நினைவே இல்லாமல் கன்றியிருந்தால் அது வேறு கதை. இரத்தம் உறையாமலிருக்க வாபரின், குளோப்பிடோகிரெல் போன்றவை எடுப்பவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் வரவேண்டும். கொழும்பில் காய்ச்சலோடு தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் கண்டால் டெங்கு நினைவுக்கு வரவேண்டும். அப்போது அஸ்பிரின், இபுபுரோபன் பக்கமே போகக்கூடாது. நீரிழிவுக்காரருக்கு அந்த இடம் கறுத்து, கடும் நோவும் காய்ச்சலும் துர்நாற்றமும் சேர்ந்தால், அது இரத்தக்கட்டல்ல, தசையைத் தின்னும் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலை.

அடிபட்ட பிறகு விதை வீக்கத்துக்குள் மறைந்து கைக்குத் தட்டுப்படவில்லையா, சிறுநீரில் இரத்தமா, சிறுநீரே போகவில்லையா, வீட்டில் காத்திருக்கவேண்டாம். விதையின் உறை கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். உறவின்போது "டக்" என்ற சத்தத்தோடு விறைப்பு உடனே தளர்ந்து, ஆணுறுப்பு வீங்கிக் கத்தரிக்காய் போலானால் அது உள்ளுறை கிழிந்த காயம். வெட்கப்பட்டு விடியும்வரை பொறுத்திருக்கும் நேரமல்ல.

ஆனால் என்னை இன்றும் உறுத்துவது நிறமே மாறாத ஒரு நோ. உயர்தரம் படிக்கும் பையன். அதிகாலை நான்கு மணிக்கு நோவில் விழித்திருக்கிறான், இரண்டு தரம் வாந்தி. அம்மாவிடம் "வயிற்று நோ" என்றான். அவர் இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்தார், பிறகு ஓமத்தண்ணீர். விதை தன் இரத்தக்குழாயோடு முறுக்கிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அடி எதுவும் படாமலே, தூக்கத்திலேயே இது வரும். பதின்ம வயதில்தான் அதிகம். ஆறு மணித்தியாலத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். அதன் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம்.

தகப்பனார் அவனை என் கிளினிக்குக்குக் கூட்டிவந்தபோது பிற்பகல் ஒரு மணி. பின்னால் பெண்கள் வரிசையில் நிற்க, துண்டு கொடுக்கும் பிள்ளை "என்ன வருத்தம்?" என்று கேட்டிருக்கிறார். அதற்குள் அவன் தகப்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தான். இருந்தும் அவர் வாயில் வந்தது "வயிற்று நோ". 23ஆம் இலக்கம். என் அறைக்கு வெளியே, நான் இருமலும் தடிமனும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் ஒரு மணித்தியாலம் கழிந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அவனை அனுப்பினேன். அந்த விதையை எடுக்கவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு சிறு அட்டை இருக்கிறது. வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் அதைத் தொட்டுக் காட்டினால் போதும், இலக்கம் கேட்கமாட்டோம். வேறெங்கு போனாலும் ஒரு கடதாசியில் இப்படி எழுதி நீட்டுங்கள்: "விதையில் திடீர் நோ. தொடங்கியது இத்தனை மணிக்கு."