58-ஐயும் 02-ஐயும் கூட்டிப் பாருங்கள்

ரயில் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் டவுன் பஸ் கிளம்பிவிடுகிறது, இதற்கு அறிவியலில் வழி உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எரிச்சலில் கேட்ட கேள்விதான். ஆனால் சுவிட்சர்லாந்தில் இதற்கு விடை இருக்கிறது, அதுவும் கணக்காக.

ஒற்றைத் தண்டவாளத்தில் போனவர்களுக்கு கிராஸிங் தெரியும். எதிர் வண்டி வரும்வரை நம் வண்டி நிற்கும். நாம் இறங்கி டீ குடிப்போம். சுவிஸ்காரர்கள் இந்தச் சந்திப்பையே கால அட்டவணைக்கு அச்சாணி ஆக்கிவிட்டார்கள்.

இரு திசையிலும் மணிக்கு ஒரு வண்டி என்று வையுங்கள். ஒன்றில் உட்கார்ந்துகொண்டு எதிரே வருபவற்றை எண்ணினால் மணிக்கு ஒன்று அல்ல, அரை மணிக்கு ஒன்று வரும். அது உங்களை நோக்கி வருகிறது, நீங்களும் அதை நோக்கிப் போகிறீர்கள், இடைவெளி பாதியாகிறது. ஆக, அரை மணிப் பயணத்துக்கு ஓரிடத்தில் சந்திப்பு விழும். அந்த இடம் வயல்வெளியாக இருந்தால் யாருக்கும் லாபமில்லை. ஜங்ஷனாக இருந்தால்? எல்லாத் திசை வண்டிகளும் கடிகாரத்தில் முழு மணி அடிக்கச் சற்று முன் வந்து சேரும், அடித்த கையோடு கிளம்பும். நடுவில் ஆட்கள் வண்டி மாறிக்கொள்வார்கள்.

சூரிச்சில் 10:02-க்குக் கிளம்பும் வண்டி பெர்னுக்கு 10:58-க்குப் போகிறது. பெர்னில் 10:02-க்குக் கிளம்புவது சூரிச்சுக்கு 10:58. பெர்னில் வந்து சேரும் 58-ம் அங்கிருந்து கிளம்பும் 02-ம் சேர்ந்தால் 60! நடுவழி ஸ்டேஷனில் ஒரு திசை வண்டி 17-ம் நிமிடம் என்றால் எதிர்த் திசை வண்டி 43 வாக்கில் வரும். இது தெரிந்த நாளிலிருந்து எந்த அட்டவணையைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு. (ராகு காலம் பார்த்து வண்டியேறுகிறவர்களை இனி நான் கிண்டல் செய்ய முடியாது.)

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஜங்ஷன்களுக்கு நடுவே பயணம் 30 அல்லது 60 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். சூரிச்–பெர்ன் முன்பு ஒரு மணிக்கு மேல் பிடித்தது. 1987-ல் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட திட்டத்தில் 45 கிலோமீட்டர் புதுப் பாதை போட்டு, 2004-ல் 56 நிமிடமாக்கினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 45 நிமிடத்தில் போய் இறங்கினாலும் இணைப்பு வண்டிக்கு பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும். வேகத்துக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கைக் காத்திருப்பைக் குறைக்கச் செலவிடலாம் என்பது என் கட்சி.

அப்புறம் வட்டக் கணக்கு. ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்த நேரம் முழு மணிகளாக விழ வேண்டும். சூரிச்–பெர்ன்–பாசெல் முக்கோணத்தில் மூன்று பக்கமும், வண்டி மாறும் நேரத்தையும் சேர்த்தால், தலா 60 நிமிடம், மொத்தம் 180. ஒரு பக்கம் 75 ஆனால் 195. மிஞ்சும் அந்த 15 நிமிடத்தை எங்காவது ஓர் ஊர் தலையில்தான் கட்ட வேண்டும்.

அதனால்தான் எந்த ஊரும் தன் பஸ்ஸைத் தன்னிஷ்டத்துக்கு ஐந்து நிமிடம் நகர்த்த முடியாது. சூரிச் வட்டாரத்தில் 1990 முதல் ரயில், டிராம், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டமைப்பு, ஒரே டிக்கெட். நஷ்டத்தில் பாதியை மாநில அரசும் பாதியை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் ஏற்கின்றன. ஊராட்சியின் பங்கு பெரும்பாலும் அந்த ஊரில் எத்தனை வண்டி நின்று போகிறது என்பதைப் பொறுத்தது. கூடுதலாக ஒரு பஸ் கேட்டால் பில்லும் கூடும். கேட்பவர் யோசித்துத்தான் கேட்பார். அட்டவணை வரைவைப் பக்கத்து ஊர்களோடு உட்கார்ந்துதான் பேசுவார்கள்.

சரி, வாசகரின் பஸ்ஸுக்கு வருவோம். ஆறு நிமிடம் தள்ளிப்போட்டால் போதும் என்கிறார். அதே பஸ்தான் திரும்பி வரும் டிரிப்பில் இன்னொரு ரயிலுக்கு ஆள் கொண்டு வர வேண்டும். அந்த ரயில் எத்தனை மணிக்கு என்று அவர் எழுதவே இல்லை.