ஜெர்மனியில் ஆண்டு விடுப்பு: நினைவூட்ட வேண்டியது முதலாளியின் கடமை

டிசம்பர் 31-க்குள் எடுக்காத விடுப்பு தானாகவே போய்விடும் என்ற நம்பிக்கை, ஜெர்மனியில் உணவகச் சமையலறை முதல் மென்பொருள் அலுவலகம் வரை இன்றும் பரவலாக இருக்கிறது. சட்டத்தின் எழுத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகள் அந்த எழுத்துக்குத் தந்திருக்கும் பொருள் வேறு. தொழிலாளிக்கு எத்தனை நாள் மீதமிருக்கிறது, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலாளி உரிய காலத்தில் தெளிவாகத் தெரிவித்திருந்தால் மட்டுமே அந்த விடுப்பு காலாவதியாகும். இதை அறியாததால் தமக்குச் சேர வேண்டிய நாள்களைக் கேட்காமலே விட்டவர்கள் பலர் என்பதால், இந்தக் கடமையை மையமாக வைத்தே விதிகளை விளக்குகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி விடுப்புச் சட்டம். அது ஆண்டுக்குக் குறைந்தது 24 வேலை நாள்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பைத் தருகிறது. இங்கே ‘வேலை நாள்’ என்றால் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர்ந்த எல்லா நாள்களும். சனிக்கிழமையும் இதில் அடங்கும். ஆகவே 24 என்பது வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கான கணக்கு. ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 20, மூன்று நாள் வேலை செய்பவருக்கு 12, இரண்டு நாள் வேலை செய்பவருக்கு 8 என்று அது மாறும். எப்படிப் பார்த்தாலும் எல்லோருக்கும் கிடைப்பது நான்கு வாரம்தான். ஒப்பந்தமோ கூட்டு ஊதிய உடன்பாடோ இதற்கு மேல் தரலாம்; பல நிறுவனங்கள் தரவும் செய்கின்றன. கடுமையான மாற்றுத்திறன் உடையவராக அங்கீகரிக்கப்பட்டவருக்கு ஐந்து நாள் வேலை வாரத்தில் மேலும் 5 நாள்கள் உண்டு. 18 வயது நிரம்பாதவர்களுக்கும் தனிச்சட்டம் கூடுதல் நாள்களை அளிக்கிறது.

துப்புரவு, உணவகம், கடை போன்ற இடங்களில் ‘மினிஜாப்’ எனப்படும் குறைந்த ஊதியப் பகுதிநேர வேலை செய்பவர்களுக்கும் இதே உரிமை முழுமையாகப் பொருந்தும். ‘மினிஜாபுக்கு விடுப்பு கிடையாது, வந்த நாளுக்கு மட்டுமே கூலி’ என்று எந்த முதலாளி சொன்னாலும் அது சட்டத்துக்கு மாறானது. வாரத்தில் எத்தனை மணிநேரம் வேலை என்பதையோ ஊதியம் எவ்வளவு என்பதையோ சட்டம் பார்ப்பதில்லை. எத்தனை நாள் வேலை என்பதை மட்டுமே பார்க்கிறது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. அதன் பின்னரே முழு ஆண்டு விடுப்பு உரிமையாகும். அதற்கு முன் வேலை முடிந்துவிட்டால், முழுதாகப் பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு சேரும். பலருக்குத் தெரியாத ஒன்றும் இங்கே உண்டு. ஆறு மாதம் கடந்த ஒருவர் ஆண்டின் இரண்டாம் பாதியில், உதாரணமாக ஆகஸ்டில், வேலையை விட்டால் அவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச விடுப்பு முழுவதும் சேரும். முதல் பாதியில் விலகுபவருக்கு மட்டுமே அது விகிதக் கணக்கில் குறையும். அதே ஆண்டில் புதிய நிறுவனத்தில் இரண்டாவது முறை அதைப் பெற முடியாது என்பதற்காக, ஏற்கெனவே வழங்கிய விடுப்பைக் குறிப்பிடும் சான்றிதழைப் பழைய முதலாளி கொடுத்தாக வேண்டும்.

தெரிவிக்கும் கடமை சட்டவாசகத்தில் நேரடியாக எழுதப்பட்டதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர நெறிமுறை 2003/88 ஒவ்வொரு தொழிலாளிக்கும் நான்கு வார ஊதிய விடுப்பை உறுதி செய்கிறது. அதை வைத்து, லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 நவம்பர் 6 அன்று, தொழிலாளி விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் விடுப்பு பறிபோகாது என்று தீர்ப்பளித்தது. எர்ஃபுர்ட்டிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2019 பிப்ரவரி 19 அன்று அதைப் பின்பற்றியது. தொழிலாளி வலுவில்லாத தரப்பு, வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் கேட்கத் தயங்குவார் என்ற உண்மையை அந்தத் தீர்ப்புகள் ஏற்றுக்கொண்டன. தெரிவித்ததற்கான நிரூபணச் சுமையும் முதலாளியையே சாரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பொதுவான வாசகம் போதாது. அவரவருக்கு எத்தனை நாள் என்ற கணக்கோடு எழுத்தில் தருவதே பாதுகாப்பு. என் கருத்தில், ஒழுங்காக நடக்கும் நிறுவனம் இதை ஆண்டின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அதே கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் 20 தீர்ப்பு காட்டியது. 1996 முதல் 2017 வரை ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில் கணக்காளராக இருந்த ஒரு பெண், வேலைப்பளுவால் எடுக்க முடியாமல் சேர்ந்துபோன பழைய விடுப்புகளுக்கு ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். மூன்று ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது என்றது எதிர்த்தரப்பு. முதலாளி தெரிவித்த ஆண்டின் முடிவிலிருந்துதான் அந்தக் காலவரம்பே ஓடத் தொடங்கும், தெரிவிக்காத இடத்தில் அது தொடங்குவதே இல்லை என்றது நீதிமன்றம். கீழ் நீதிமன்றம் 76 நாள்களுக்காக அவருக்கு வழங்கியிருந்த 17,376.64 யூரோ உறுதியானது.

முதலாளி கடமையைச் செய்திருந்தாலும் இரண்டு சூழல்களில் விடுப்பு அடுத்த ஆண்டின் மார்ச் 31 வரை நீளும்: ஒன்று, நிறுவனத்தின் அவசரத் தேவை, மற்றொன்று, நோய் போன்ற தொழிலாளியின் சொந்தக் காரணம். ஆண்டு முழுவதும் நோயால் வேலைக்கு வர முடியாதவரின் விடுப்பு, அந்த ஆண்டு முடிந்து 15 மாதங்கள் வரை உயிரோடு இருக்கும்.

விடுப்பில் இருக்கும்போது நோயுற்றால், மருத்துவச் சான்று உள்ள நாள்கள் விடுப்புக் கணக்கிலிருந்து கழிக்கப்பட மாட்டா. சாதாரண வேலை நாள்களில் நோய் மூன்று நாளைத் தாண்டும்போதுதான் சான்று கட்டாயம் என்றாலும், விடுப்பு நாளைத் திரும்பப் பெற முதல் நாளிலிருந்தே சான்று வேண்டும். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஊர் போயிருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணு நோய்ச்சான்று முறை வெளிநாட்டு மருத்துவரைச் சென்றடையாது. ஆகவே தங்கியிருக்கும் முகவரியையும் எத்தனை நாள் வேலை செய்ய இயலாது என்பதையும் மிக விரைவான வழியில் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது. வேலை செய்ய இயலாத நிலை என்று அதில் இருக்க வேண்டும். இப்படித் திரும்பக் கிடைக்கும் விடுப்பு நாள்களை விடுப்பின் இறுதியில் தாமாகவே சேர்த்துக்கொண்டு தாமதமாகத் திரும்புவது கூடாது. அவற்றைப் பின்னர் விண்ணப்பித்தே எடுக்க வேண்டும்.

எப்போது விடுப்பு என்பதில் தொழிலாளியின் விருப்பத்துக்கே முன்னிடம். அவசரமான நிறுவனத் தேவையோ, பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு இருக்க வேண்டிய பெற்றோர் போன்ற சக ஊழியரின் முன்னுரிமையோ இருந்தால் மட்டுமே முதலாளி மறுக்கலாம். ஆனால் மறுக்கப்பட்ட விடுப்பைத் தாமாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் வேலை நீக்கம் வரை செல்லக்கூடும். எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள், தொழிலாளர் நீதிமன்றத்தில் அவசர மனு என்ற வழி இருக்கிறது.

வேலை தொடரும்வரை குறைந்தபட்ச விடுப்புக்குப் பதிலாகப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது. கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் 2025 ஜூன் 3 தீர்ப்பின்படி, வேலை இன்னும் முடியாத நிலையில் நீதிமன்றச் சமரசத்தில்கூட அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது செல்லாது. வேலை முடிந்த பிறகு நிலைமை மாறுகிறது. மீதி நாள்களுக்குப் பணம் சேர வேண்டும் என்பது உறுதி, ஆனால் அது வெறும் பணக் கோரிக்கையாகிவிடுவதால் வழக்கமான மூன்று ஆண்டுக் காலவரம்பும் ஒப்பந்தத்திலுள்ள கோரிக்கைக் கெடுவும் அதற்குப் பொருந்தும். பல ஒப்பந்தங்களில் அந்தக் கெடு மூன்றே மாதம். எனவே வேலையை விட்டவுடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்து, மீதி நாள்களைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.