தட்டையா உள்ள போய் வளைஞ்சு வெளிய வர்ற பலகை

எந்த ஆசாரிகிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது மரம் நல்லா காஞ்சிருக்கணும்ங்கறதுதான். ஈர மரத்துல கதவு செஞ்சா கோணிக்கும், காஞ்ச மரத்துல செஞ்சாலும் ஐப்பசி கார்த்திகை மழைல உப்பிப்போய் நிலைல பிடிச்சுக்கும், அப்புறம் இழைப்புளி போட்டு ஓரத்தை இழைச்சு விடணும். உலகம் பூரா மரவேலை செய்யறவங்க காலங்காலமா சண்டை போடறது இந்த ஒரு குணத்தோடதான். இதே குணத்தை எதிரியா பாக்காம, கணக்கு போட்டு வேலை வாங்கலாம்னு ஜெர்மனில ஒரு கூட்டம் செஞ்சு காட்டிருக்காங்க.

ஸ்டுட்கார்ட் பக்கத்துல உர்பாக்னு ஒரு ஊர். 2019ல அங்க ஒரு தோட்டக் கண்காட்சிக்காக 14 மீட்டர் உயரத்துல ஒரு மர கோபுரம் கட்டினாங்க. திருகிவிட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மேல போற 12 பலகைகள், அவ்வளவுதான் கட்டடம். அந்தப் பலகைகளை யாரும் அச்சுல வெச்சு அழுத்தி வளைக்கல. ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்துல 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு தட்டையா ஒட்டி, மரம் காயவைக்கற சாதாரண டிரையிங் சேம்பர்ல வெச்சாங்க. உள்ள போறப்ப ஈரம் 22 சதவீதம். காஞ்சு வெளிய வர்றப்ப பலகை தானாவே வளைஞ்சிருந்தது, அதுவும் முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல போட்ட அளவுக்கு.

இது எப்படின்னு புரியணும்னா மரத்துக்குள்ள போகணும். மரம்ங்கறது மெல்லிசான ஸ்ட்ராவை ஆயிரக்கணக்குல சேத்து கட்டின கட்டு மாதிரி, ஒவ்வொரு ஸ்ட்ராவும் ஒரு செல். அந்த செல்லோட சுவர்லதான் விஷயமே இருக்கு. சுவர் முழுக்க செல்லுலோஸ் நுண்நார்கள் பெரும்பாலும் நீளவாக்குல ஓடுது, அதைச் சுத்தி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின்ங்கற பொருட்கள் பசை மாதிரி நிரம்பியிருக்கு. தண்ணி மூலக்கூறு இந்த நார்களுக்கு நடுவுல இருக்கற இடத்துல போய் ஒட்டிக்கிது, இடம் பத்தாம நார்களை பக்கவாட்டுல தள்ளுது. நார் மட்டும் நீளவாக்குல இழுபடவே படாது, ரொம்ப கெட்டி. அதனால ஈரம் ஏறினா மரம் அகலத்துல உப்பும், நீளத்துல கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

எவ்வளவு உப்பும்ங்கறதுக்கு அளவு இருக்கு. ஈரம் சுமார் 30 சதவீதத்துல இருந்து முழுசா காயற வரைக்கும் பாத்தா, பெரும்பாலான மரங்கள் நார் ஓடுற திசைல 0.1ல இருந்து 0.3 சதவீதம்தான் சுருங்கும். அதுவே குறுக்குவாக்குல பல மடங்கு, அதுலயும் ரெண்டு திசைக்கு ரெண்டு அளவு. மரத்தோட நடுவுல இருந்து பட்டை பக்கம் போற திசைல ஒரு பங்குன்னா, ஆண்டு வளையத்தை ஒட்டி போற திசைல ஏறக்குறைய ரெண்டு பங்கு சுருங்கும். தேக்கு இந்த விஷயத்துல ரொம்ப அடக்கம், வளையத்தை ஒட்டிய திசைலயே 6 சதவீதத்துக்குள்ளதான், நம்ம ஊர்ல நிலை கதவுக்கு தேக்குதான் வேணும்னு பெரியவங்க அடம்பிடிச்சதுல முழு நியாயம் இருக்கு. ஐரோப்பால கிடைக்கற பீச் மரம் அதே திசைல 12 சதவீதத்தை ஒட்டி சுருங்கும். கதவுக்கு அது தலைவலி. ஆனா தானா அசையற ஒரு பொருள் செய்யணும்னா தேக்கை விட்டுட்டு பீச்சைதான் எடுக்கணும்.

சரி, உப்பறது வேற, வளையறது வேற. ஒரே மரத்துண்டு எல்லா பக்கமும் சமமா உப்பினா பெருசாகும், வளையாது. வளையணும்னா ஒரு பக்கம் நீளணும், அதோட ஒட்டியிருக்கற இன்னொரு பக்கம் நீளக் கூடாது. இதை இயற்கை எப்பவோ செஞ்சு வெச்சிருக்கு. கொடைக்கானல் பைன் காட்டுல கீழ விழுந்து கிடக்கற காய்களை பாத்திருப்பீங்க, காஞ்சதெல்லாம் செதில் விரிஞ்சு பூ மாதிரி இருக்கும். அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்து தண்ணில ஊறப்போடுங்க, ஒரு ரெண்டு மணி நேரத்துல செதிலெல்லாம் மூடிக்கும், வெயில்ல வெச்சா மறுபடி விரியும். அந்தக் காய் மரத்தை விட்டு விழுந்து எத்தனையோ காலம் ஆயிருக்கும், அதுல உயிரே கிடையாது, ஆனாலும் அசையுது. ஏன்னா ஒவ்வொரு செதில்லயும் ரெண்டு அடுக்கு இருக்கு. ஒரு அடுக்குல நுண்நார்கள் செல்லைச் சுத்தி கிட்டத்தட்ட குறுக்கா சுருண்டிருக்கு, அதனால ஈரம் பட்டா அது நீளவாக்குல நீளும். இன்னொரு அடுக்குல நார் நீளவாக்கை ஒட்டியே ஓடுது, அது நீளாது. 1997ல டாஸன், வின்சென்ட், ரோக்கான்னு மூணு பேர் நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல எழுதின ஒரு சின்ன கட்டுரைல, செல்லோட நீளவாக்குல இருந்து நார் சாயற கோணத்தையே அளந்து போட்டிருந்தாங்க, ஒண்ணு சுமார் 74 டிகிரி, இன்னொண்ணு சுமார் 30 டிகிரி. மோட்டார் இல்ல, பேட்டரி இல்ல, சென்சார் இல்ல, நார் எந்தக் கோணத்துல சுத்தியிருக்குங்கறது ஒண்ணுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

இப்ப இதை பலகைல செய்யறது எப்படின்னா, ரெண்டு மர அடுக்கை எடுத்து ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ஒட்டணும். ஒண்ணுல நார் நீளவாக்குல, இன்னொண்ணுல அகலவாக்குல. அட இது பிளைவுட்தானேன்னு தோணும், ஆமா கிட்டத்தட்ட அதேதான். பிளைவுட்ல பெரும்பாலும் 3, 5, 7ன்னு ஒத்தைப்படையா அடுக்கு வெப்பாங்க, அப்பதான் நடுவுக்கு மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருந்து ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி வளையாம நிக்கும். இங்க வேணும்னே ரெண்டோட நிறுத்தறாங்க, சரிக்கட்ட ஆள் இல்லாததால வளைஞ்சே தீரும்.

எவ்வளவு வளையும்ங்கறதுக்கான கணக்கை ஸ்டீஃபன் டிமொஷென்கோங்கற இன்ஜினியர் 1925லயே போட்டுட்டார். அவர் போட்டது மரத்துக்கு இல்ல, ரெண்டு உலோகத்தை ஒட்டி செய்யற பைமெட்டல் பட்டைக்கு, பழைய இஸ்திரி பெட்டில சூடு ஏறினதும் கரண்டை கட் பண்ற பட்டை அதான். சூட்டுக்கு பதிலா ஈரம், உலோகத்துக்கு பதிலா மரம்னு மாத்தினா அதே சமன்பாடு இங்கயும் பொருந்துது. சாதகமான நிலைமைல மொத்த தடிமனை ரெண்டு அடுக்கோட நீள வித்தியாச விகிதத்தால (3 சதவீதம்னா 0.03) வகுத்து, அதை இன்னும் ஒண்ணரையால வகுத்தா வளைவோட ஆரம் கிடைச்சுடும். 1 மில்லிமீட்டர் தடிமன் பட்டைல 3 சதவீத வித்தியாசம் வந்தா ஆரம் சுமார் 22 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சுருண்டே போயிடும். அதே 3 சதவீதம் 10 மில்லிமீட்டர் தடிமன்ல 22 சென்டிமீட்டர். தடிமன் ஏற ஏற வளைவு குறையும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச நுணுக்கம் ஒண்ணு இருக்கு. மரம் நார் திசைல ரொம்ப விறைப்பு, குறுக்கா பத்து இருபது மடங்கு இளக்கம். உப்பி தள்ளற அடுக்கு குறுக்குவாக்குல இருக்கறதால அதுக்கு பலம் கம்மி, நீளாம பிடிச்சு வெக்கற அடுக்கு பயங்கர கெட்டி. ரெண்டும் ஒரே தடிமன்ல இருந்தா கெட்டியானது ஜெயிச்சுடும், வளைவுல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் வீணாப்போகும். அதனால தள்ளற அடுக்கை தடிமனாவும் பிடிச்சு நிறுத்தற அடுக்கை மெல்லிசாவும் வெக்கணும், விறைப்பு ஒன்பது மடங்குன்னா தடிமன் மூணுல ஒரு பங்கு. இந்த விகிதம் வெச்சா வளைவு உச்சத்துல இருக்கும்.

வீட்லயே பாக்கலாம். பிளைவுட் கடைல வெனீர் துண்டு கிடைக்கும், மெல்லிசா சீவின மரத்தாள், அரை மில்லிமீட்டர் மாதிரி இருக்கறது. நாருக்கு குறுக்கா ஒரு பட்டை வெட்டுங்க, ஒரு பக்கம் பேக்கிங் டேப் ஒட்டுங்க, இன்னொரு பக்கத்துல ஈரத்துணியால துடைங்க. கண்ணு முன்னாடியே டேப் பக்கமா சுருளும், காஞ்சா திரும்ப நேராகும். அதே பட்டையை நாரோட போக்குல வெட்டி செஞ்சு பாருங்க, நீளவாக்குல அசையவே அசையாது. இன்னொண்ணும் கவனிக்கணும், ஈரம் உள்ள இறங்க ஆகற நேரம் தடிமனோட வர்க்கத்துல ஏறும், அதாவது பத்து மடங்கு தடிமனா இருந்தா நூறு மடங்கு நேரம். வெனீர் நிமிஷக்கணக்குல அசையும், கோபுரத்துக்கான பலகைக்கு நாள் கணக்கு வேணும்.

உர்பாக் கோபுரத்துல கஷ்டமான வேலை எங்க இருந்ததுன்னா, ஒவ்வொரு பலகையோட வெட்டுமுகத்துலயும் ஆண்டு வளையம் எந்த சாய்வுல ஓடுதுங்கறதுல. ரெண்டு திசைக்கு சுருக்கம் ரெண்டு மடங்கு வித்தியாசம்னு மேல சொன்னேன்ல, அப்ப மரத்தோட எந்த பகுதில இருந்து அறுத்த பலகைங்கறதை பொறுத்து வளைவும் மாறும். அதனால பலகையோட முனையை பாத்து, ஈரத்தை அளந்து, இதெல்லாம் கணக்குக்குள்ள போட்டு, எதை எங்க ஒட்டணும்னு முடிவு பண்ணணும். அப்புறம் வளைஞ்சு வந்த பலகை அடுத்த மழைல திரும்ப நேராயிடக் கூடாதே, அதுக்காக காஞ்சதும் வளைஞ்ச பலகைகளை ஒண்ணுமேல ஒண்ணு படியற மாதிரி வெச்சு பெரிய பலகையா ஒட்டிட்டாங்க, பிளைவுட் மாதிரி பூட்டிக்கிச்சு, இனி அசையாது. மொத்த தடிமன் 90 மில்லிமீட்டர், வளைவோட ஆரம் 2.4 மீட்டர். சுவிட்சர்லாந்துல ப்ளூமர் லேமன்ங்கற மரக் கம்பெனி தயாரிச்சது, ஈடிஎச் ஜூரிக் பல்கலைக்கழகமும் எம்பா ஆய்வுக்கூடமும் மரத்தோட அறிவியலை பாத்துக்கிட்டாங்க. நாலு தச்சர்கள் ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க.

இந்த வேலையை யோசிச்சவன் யாரு, ஆர்க்கிடெக்டா, இன்ஜினியரா, மெட்டீரியல் சயின்ஸ் ஆளா? தனித்தனியா ஒருத்தராலயும் முடியாது. வடிவத்தை வரைஞ்சுட்டு அப்புறம் எந்த மரம்னு கேட்டா இந்த கோபுரம் வராது, ஏன்னா இங்க வடிவமே மரத்தோட கணக்குல இருந்துதான் பிறக்குது. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்துல ஐடெக்னு ஒரு முதுகலை படிப்பு இருக்கறது இதுக்காகத்தான். ஆக்கிம் மெங்கஸ் 2008ல ஆரம்பிச்ச ஐசிடிங்கற கம்ப்யூட்டேஷனல் டிசைன் இன்ஸ்டிட்யூட்டும், யான் க்னிப்பர்ஸோட ஐடிகேஇங்கற கட்டமைப்பு இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து நடத்தறது, உர்பாக் கோபுரமும் இவங்க வடிவமைச்சதுதான். ரெண்டு வருஷம், இங்கிலீஷ்லதான் பாடம். ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க, சிவில் படிச்சவங்க, வேற அறிவியல் படிச்சவங்க எல்லாரையும் ஒரே மேஜைல உக்கார வெக்கறாங்க. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து போறவங்களுக்கு அந்த மாநிலத்துல செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணம், தங்கற சாப்பிடற செலவு தனி. அந்த ஊருக்கு இதுல பரம்பரையே உண்டு, ஃப்ரை ஓட்டோ 1964ல இலகு கட்டமைப்புக்குன்னு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சது அங்கதான், சோப்பு படலத்தை வெச்சு கூரை வடிவம் கண்டுபிடிச்ச மனுஷன்.

படிப்போட முக்கியமான அங்கம், மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நிஜ அளவுல ஒண்ணை கட்டி நிறுத்தறது. ஜெர்மனிலயே ஃப்ரைபர்க்ங்கற ஊரோட தாவரவியல் பூங்கால 2021ல வந்த லிவ்மாட்ஸ் பெவிலியன்ங்கற திறந்த மண்டபம் அப்படி ஒண்ணு. ஆளிச்செடி நாரை பிசின்ல நனைச்சு, அச்சே இல்லாம, ரெண்டு முனை சட்டத்துக்கு நடுவுல ரோபோ சுத்துது. முதல்ல சுத்தின நார் காத்துல நேரா நிக்கும், அடுத்தது அதுமேல விழுந்து கொஞ்சம் அழுத்தும், அப்படி நூத்துக்கணக்குல ஒண்ணை ஒண்ணு இழுத்து இழுத்து கடைசில வளைஞ்ச ஒரு தூண் வடிவம் தானா வந்து நிக்கும். சுத்தற வரிசையை மாத்தினா வடிவமும் மாறிடும். சாகுவாரோ கள்ளியோட உள்ளமரம் வலை மாதிரி இருக்குமே, அதை பாத்து எடுத்த யோசனை. இப்படி 15 துண்டு, ஒவ்வொண்ணும் சராசரி 105 கிலோ, மொத்த நார் அமைப்பும் சுமார் ஒண்ணரை டன்தான்.

அதே ஃப்ரைபர்க்லதான் பைன் காய் யோசனையோட அடுத்த படியும் இருக்கு. ஒரு கட்டடத்தோட கூரை ஜன்னல்ல 424 சின்ன மடல்கள், செல்லுலோஸ் கலந்த பொருளை 3டி பிரிண்டர்ல ரெண்டு அடுக்கா அடிச்சது. பலகைல மரம் குடுக்கற நார் திசையைதான் ஏத்துக்கணும், பிரிண்டர்ல கோட்டை எந்தக் கோணத்துல இழுக்கறோமோ அதுதான் நார் திசை, அப்ப கோணம் முழுசா நம்ம கைல. அங்க குளிர்காலத்துல காத்துல ஈரப்பதம் அதிகம், மடல் சுருண்டு திறந்து வெயிலை உள்ள விடும். கோடைல காத்து காஞ்சிருக்கும், மடல் தட்டையாகி நிழல் தரும். கரண்ட் ஒரு சொட்டு கூட வேணாம்.

ஆனா இதை அப்படியே கொண்டுவந்து சென்னைல மாட்டினா வேலை செய்யாதுன்னு நினைக்கிறேன். அங்க குளிரும் ஈரமும் ஒண்ணா வருது, சூடும் வறட்சியும் ஒண்ணா வருது, அந்த ஜோடியை நம்பித்தான் மடலே இருக்கு. நம்ம கடற்கரைல சித்திரை வெயில்லயும் கடல்காத்து அடிச்சா ஈரப்பதம் ஏறிடும், மடல் குளிர்காலம்னு நினைச்சு திறந்து அந்த வெயிலை முழுசா உள்ள விட்டுடும். அடுக்கை தலைகீழா வெச்சா என்னாகும், காலைல இருந்து சாயங்காலத்துக்குள்ள வர்ற ஈரப்பத ஏற்ற இறக்கம் பத்துமா, அடைமழைல நாள்கணக்கா நனைஞ்சா பூஞ்சை பிடிக்காம எப்படி காப்பாத்தறது? உள்நாட்டு ஊர்களுக்கு, குறிப்பா மதுரை திருச்சி பக்கத்து கோடைக்கு, அந்த வறண்ட மத்தியான நேரத்துக்கு இந்த மடல் பொருந்தற வாய்ப்பு அதிகம்னு எனக்கு படுது. இந்த மாதிரி படிப்புக்கு போகணும்னு போர்ட்ஃபோலியோ தயார் பண்ற ஆர்க்கிடெக்சர் பிள்ளைங்க யாராவது இருந்தா, வெனீரும் டேப்பும் ஒரு ஈரப்பத மீட்டரும் வாங்கி உங்க ஊர் மொட்டைமாடில ஒரு வருஷம் வெச்சு, தினம் ரெண்டு வேளை கோணத்தை அளந்து எழுதி வெச்சுக்கிட்டு வாங்க.