மாட்டைக் கொடுத்துவிட்டுப் புல்லை மறக்கிறவர்களுக்கு

போன கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணன் கோல் எடுத்தார். தாயின் ஆண்டுத்திவசத்தை முன்னிட்டு முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுத்தவர். வருடம் திரும்புவதற்குள் அந்தக் குடும்பம் மாட்டை விற்றுவிட்டதாம். நெடுநேரம் பேசினார். சாரம் இதுதான்: எங்கள் சனத்துக்கு எவ்வளவு செய்தாலும் முன்னேறாது, சோம்பேறிகள், நன்றி இல்லாதவர்கள்.

வன்னியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வாழ்வாதார உத்தியோகத்தராக இருக்கிறேன். இதே பேச்சைக் கோழிக்காகவும் கேட்டிருக்கிறேன், தையல் மெசினுக்காகவும் கேட்டிருக்கிறேன், பூட்டிக் கிடக்கும் மா அரைக்கும் ஆலைக்காகவும் கேட்டிருக்கிறேன். மரியாதைக்கு "ஓம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்க இந்த முறை மனம் வரவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். கலப்பினக் கறவை மாடு ஒன்றின் நிறை 300 கிலோ என்று வையுங்கள். நாளொன்றுக்கு அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் வேண்டும். அதாவது 30 கிலோ. தண்ணீர் 40, 50 லீற்றர். ஆடி, ஆவணி வெயிலில் இன்னும் கூடும். தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு தனி. நீங்கள் மாடு கொடுத்த அக்கா காலை 7 மணிக்குக் கூலி வேலைக்குப் போய்ப் பின்னேரம் 4 மணிக்கு வருகிறவர். அந்தப் புல்லை யார் அறுப்பது? புரட்டாதியில் வன்னியில் புல் எங்கே நிற்கிறது? கிணறு இருந்தால் அடியில் கலங்கல். கிணறு இல்லாவிட்டால் பவுசர் வரும்வரை மனிதருக்கே தண்ணீர் இல்லை.

"எங்கட அப்பு காலத்தில் பட்டியில் நூறு மாடு நின்றது, யாரும் புல் அறுத்தார்களா?" என்று கேட்பார்கள். நின்றது, உண்மைதான். அவை நாட்டு மாடுகள். சின்ன உடம்பு, கொஞ்சப் பால், தானே மேய்ந்து தானே பட்டிக்குத் திரும்பும். காலபோக விதைப்புத் தொடங்கியதும் பட்டியைக் காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள், அறுவடை முடிந்ததும் வயலுக்குள் விடுவார்கள். அந்த மேய்ச்சல் தரைகளில் ஒரு பகுதி இன்று வனத்திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கு உள்ளே. இன்னொரு பகுதி வயலாகிவிட்டது. நீங்கள் கொடுத்ததோ ஜேர்சிக் கலப்பு. அதை மரத்தில் கட்டி வைத்துவிட்டு அப்புவின் பட்டி மாட்டோடு ஒப்பிடாதீர்கள்.

சரி, ஏன் விற்றார்கள்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் அவசரத்துக்கு விற்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நகை இடம்பெயர்வில் போனது, தப்பியது அடகுக்குப் போனது. வங்கி கேட்கிற பிணைக்கு ஆள் கிடையாது. அந்த இடைவெளிக்குள்தான் நுண்கடன் கொம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. சில பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு, கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வந்தது. 35 வீதம் என்பது கட்டுப்பாடு என்றால், கட்டுப்பாடு இல்லாத காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அது ஆறுவதற்குள் 2021இல் இரசாயனப் பசளைத் தடை, 2022இல் பொருளாதார நெருக்கடி.

இப்படியான ஒரு வீட்டில் மாடுதான் இருக்கிற ஒரே சேமிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல், வவுனியா ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும். தவணைக்காரர் படலையில். வெயில் காலம், பால் வற்றிவிட்டது, வைக்கோல் வாங்கவும் காசில்லை. அந்த நாளில் மாட்டை விற்காமல் எலும்பு தெரியக் கட்டி வைத்திருப்பதுதான் முட்டாள்தனம். விற்றவர் கணக்குத் தெரிந்தவர். உங்கள் தாயின் படம் போட்ட பனருக்கு முன்னால் நின்று கயிற்றைக் கையில் கொடுத்தீர்கள் என்பதற்காக அந்த மாடு ஆயுளுக்கும் உங்களுடையது ஆகிவிடாது. கொடுத்தால் கொடுத்ததுதான். எப்போது விற்பது என்பது அவர்கள் முடிவு.

இடையில் எங்கள் துறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அறிக்கைகளில் "பயனாளிகள்" எண்ணிக்கை பெரும்பாலும் ஒப்படைப்பு நாளிலேயே எழுதி முடிக்கப்படுகிறது. மறுநாள் மாடு செத்தாலும் அந்த எண் குறையாது. ஒப்படைப்பு வைபவத்துக்கு மாலை போட்டுக்கொண்டு வருகிற பிரமுகர்கள் ஆறு மாதம் கழித்து அந்தப் படலையைத் திறந்து பார்த்ததை நான் காணவில்லை.

கோழிக் கதையும் இதேதான். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். ஐம்பது கோழிக்குக் கிட்டத்தட்ட 6 கிலோ. குஞ்சாகக் கொடுத்தால் முதல் முட்டைக்கு 18, 20 கிழமை காத்திருக்க வேண்டும். அதுவரை தீவனக் காசு யார் தருவது? கொடுத்தவர்கள் கூடு வரைக்கும்தான் யோசித்திருப்பார்கள். தையல் மெசினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒழுங்கையில் ஆறு மெசின் கொடுத்தால் ஆறு பேரும் யாருக்குத் தைப்பது? பாடசாலை தொடங்குகிற காலத்தில் சீருடை, பண்டிகைக்குச் சட்டை, மற்ற மாதங்களில் கிழிசல். தென்னம்பிள்ளை கொடுக்கிறவர்கள் தயவுசெய்து அந்த ஊரில் யானை வருமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நட்ட அன்றிரவே பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விடும்.

அப்படியென்றால் எதுதான் நிலைக்கும்? படத்துக்கு அழகில்லாத வேலைகள்தான் நிலைக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கும். 80 ஹெக்டேயருக்குக் குறைவாக நீர் பாய்ச்சுகிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், ஊர்க் கமக்காரர் அமைப்பின் கையில். அணைக்கட்டில் பற்றை, தண்ணீர் திறந்துவிடுகிற துருசு உடைந்து கிடக்கும், வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். அதைத் திருத்தினால் குளத்தில் தண்ணீர் கூட நாள் நிற்கும். குளத்தில் நின்றால் அடுத்த காணிக் கிணறு வற்றாது. கிணறு வற்றாவிட்டால் வேலியோரத்தில் மாட்டுத் தீவனத்துக்கான கோ-3 புல் நிற்கும். மாடு அதற்குப் பிறகுதான். ஆனால் துருசு திருத்துவதற்குக் காசு கேட்டுப் பாருங்கள். "அது அரசாங்கத்தின் வேலைதானே தம்பி, நாங்கள் ஏதாவது ஒரு குடும்பத்துக்குச் செய்ய விரும்புகிறோம்" என்பார்கள்.

அதேபோல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதி. சிறு தொகை, குறைந்த வட்டி, ஊருக்குள்ளேயே முடிவு. அவசரத்துக்கு அங்கே பத்தாயிரம் ரூபா கிடைத்தால் தவணைக்காரரிடம் போகத் தேவையில்லை, மாட்டை விற்கவும் தேவையில்லை. கணக்குப் புத்தகம் எழுதப் பழக்கவும், மாதா மாதம் போய்க் கூட்டத்தில் இருக்கவும் ஒரு ஆள் வேண்டும். இங்கேதான் அடுத்த வழக்கமான வசனம் வரும்: "நிர்வாகச் செலவுக்கு ஒரு சதமும் போகக்கூடாது, முழுக்காசும் சனத்துக்குப் போக வேண்டும்." எங்கள் கள உத்தியோகத்தர் துணுக்காயிலிருந்து உள்ளே மண் ரோட்டில் போய் வருகிற பெற்றோல்தான் உங்கள் நிர்வாகச் செலவு. அந்த ஆள் போகாவிட்டால் மாட்டுக்கு மடிநோய் வந்தது யாருக்கும் தெரியாது. களவு நடக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதே பெற்றோல்தான் வேண்டும். கணக்குக் கேளுங்கள், விவரமாகக் கேளுங்கள். செலவே இருக்கக்கூடாது என்று சொல்லாதீர்கள்.

இனிக் காசு அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது. யார் மூலம் அனுப்புகிறீர்களோ அந்த அமைப்பு, தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்கிற 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ பிரதேச செயலகத்திலோ பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். முகநூலில் அழகாக எழுதுவது பதிவு ஆகாது. அந்தக் குடும்பம் இதற்கு முன் என்னென்ன பெற்றது என்று கிராம அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏ9 வீதியோரத்து வீடுகளுக்கு மூன்று தரம் கிடைத்திருக்கும், உள்ளே இருக்கிற ஊருக்கு ஒன்றும் போயிருக்காது. என்ன வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்த அக்காவைக் கேளுங்கள். மாடுதான் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் அரச கால்நடை வைத்தியரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், காதில் அடையாள இலக்கம் போட்டுக் காப்புறுதியும் செய்யச் சொல்லுங்கள். மாட்டின் விலையோடு ஆறு மாதத் தீவனக் காசையும் சேர்த்து ஒதுக்குங்கள். முடியாதென்றால் மாடு வேண்டாம், புல்லுக்கும் வேலிக்கும் கொடுங்கள்.

படம் பற்றிக் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். "கணவனை இழந்த பெண்" என்று தலைப்புப் போட்டு, பெயரும் ஊரும் எழுதி, முகத்தைப் போடாதீர்கள். அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் எல்லாருடைய வீட்டிலும் போன் இருக்கிறது. ரசீது வேண்டுமா, எழுதித் தருகிறோம். மாடு நிற்கிற படம் வேண்டுமா, மாட்டை மட்டும் எடுத்து அனுப்புகிறோம்.

கடைசியாக ஆடு கொடுக்கிறவர்களுக்கு. கார்த்திகை மழைக்குள் குட்டிகளைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். ஈரத் தரையில் குளம்பு அழுகும், சளி பிடிக்கும், தைப்பொங்கல் வருவதற்குள் பல செத்துவிடும். உங்கள் அப்பாவின் திவசம் மார்கழியில் வந்தால் காசை மட்டும் அனுப்பிவிடுங்கள். முதலில் பரண் கொட்டில் போடட்டும். ஆட்டை மாசியில் வாங்குவார்கள்.