சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

மவுண்டன் பைக்கின் சீட் கிழிந்துவிட்டது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒட்டிக்கொள்ளலாமா, மாற்றியே ஆக வேண்டுமா?" கிழிசலை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் முதலில் சீட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்புவேன். மேலே இருக்கும் கிழிசல் கண்ணை உறுத்தும், ஆனால் ஆளைக் கீழே தள்ளாது. அடியில் இருக்கும் விரிசல் தள்ளிவிடும். பழுதுபார்க்கும் மேசையில் நின்று நான் பார்த்தவரை, அந்த விரிசலோடு வருகிறவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

சீட்டின் அடியில் முன்பின்னாக ஓடும் இரண்டு கம்பிகளை ரெயில் என்போம். அவற்றின் முனைகள் செருகியிருக்கும் கெட்டியான தட்டுதான் ஷெல். அதன் மேல் ஃபோம், ஃபோமுக்கு மேல் உறை. உறையும் ஃபோமும் சுகமாக உட்காருவதற்கு. எடையைச் சுமப்பது ரெயிலும் ஷெல்லும்தான். தார்ச்சாலையில் அந்த எடை ஓரளவு சீராக விழும். மலைப்பாதையில் ஒவ்வொரு வேரும் கல்லும் பின்சக்கரத்தை மேலே உதைக்கும். பெடலில் நின்று இறங்கும்போது கால் நழுவினால் முழு உடம்பும் ஒரே அடியாகச் சீட்டில் இறங்கும். அப்படி ஓர் அடி விழுந்த பிறகு மேலே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ரெயில் வளைந்திருக்கும்.

சீட்டைத் தாங்கும் குழாயைச் சீட் போஸ்ட் என்போம், அதன் உச்சியில் ரெயிலைக் கவ்விப் பிடிப்பது கிளாம்ப். ரெயில் பெரும்பாலும் உடைவது அந்தக் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தின் விளிம்பில்தான். கிளாம்புக்குள் இருக்கும் பகுதி அசையாது, வெளியே இருக்கும் பகுதி ஒவ்வொரு அதிர்விலும் வளைந்து நிமிரும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் உலோகம் சோர்ந்துபோகிறது. அதனால் கிளாம்பைக் கழற்றாமல் பார்த்தால் பாதிதான் தெரியும். கழற்றி, ரெயிலை எண்ணெய்ப்பிசுக்கு போகத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முடி அளவுக்குக் கறுப்புக் கோடு, இரும்பு ரெயிலாக இருந்தால் அந்தக் கோட்டோரம் மெல்லிய துருப்பொடி, நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுகிற இடம், இவற்றில் எது இருந்தாலும் அந்தச் சீட்டின் ஆயுள் முடிந்தது. அடுத்து ரெயில் முனைகள் ஷெல்லுக்குள் நுழையும் இடங்களைப் பாருங்கள். முன் மூக்குப் பக்கத்தில் ஷெல் பிளந்திருப்பதும், பின்பக்கக் குழியிலிருந்து ரெயில் பாதி வெளியே வந்திருப்பதும் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒருவர் பெடல் போடும்போது கிறீச்சென்று சத்தம் வருகிறது, பெடல் கைகள் சுழலும் அச்சைத் தாங்கும் பிராக்கெட் பேரிங்தான் போய்விட்டது என்று வந்தார். எழுந்து நின்று ஓட்டும்போதும் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். நின்றால் வரவில்லை என்றார். நின்றால் நிற்கிற சத்தம் என்றால் சீட்டிலோ போஸ்ட்டிலோதான் தேட வேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் இடது ரெயில் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. உடைந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்து அழுக்கேறியிருந்தது, ஓரத்தில் ஒரு சின்னப் பிறை மட்டும் பளபளப்பு. கறுத்திருந்தது வெகுநாளாக வளர்ந்துவந்த விரிசல். பளபளத்தது கடைசியாக விட்டுக்கொடுத்த பகுதி. அதாவது அந்தப் பிறை அளவு உலோகத்தை நம்பித்தான் அவர் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கும் வேகத்தில் ரெயில் முறிந்தால் சீட் ஒரு பக்கம் சாயும், உடைந்த முனை தொடையைக் கிழிக்கும், உடம்பு பின்சக்கரத்தின் மேல் போய் விழும்.

வளைந்த ரெயிலை நிமிர்த்தித் தரச் சொல்கிறார்கள். நான் செய்வதில்லை. நிமிர்த்தினால் பார்க்க நேராகிவிடும், ஆனால் ஒருமுறை வளைந்து மறுமுறை நிமிர்ந்த இடம் சீக்கிரம் முறிகிற இடமாகிவிடும். இரும்பானாலும் டைட்டானியமானாலும் இதே கதைதான். வெல்டிங்கும் வேண்டாம். சூட்டில் ரெயில் தன் பலத்தை இழக்கும், பக்கத்தில் இருக்கும் நைலான் ஷெல்லும் உருகும். கார்பன் ரெயிலில் நார் பிரிந்திருந்தாலோ, அழுத்தினால் நறுக்கென்று சத்தம் வந்தாலோ, அதில் மறுபடி உட்காரக்கூடாது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையில் சீட்டையும் சீட் போஸ்ட்டையும் சோதிப்பதற்கென்றே 9ஆம் பகுதி இருக்கிறது. நாம் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய ரெயிலுக்கு அப்படி எந்தச் சோதனையும் நடந்திருக்காது.

சரி, அடியில் எல்லாம் நன்றாக இருக்கிறது, உறை மட்டும்தான் கிழிந்திருக்கிறது என்றால் கவலை வேண்டாம், அது பழுதுபார்க்கக்கூடியதுதான். ஆனால் உடனே செய்யுங்கள். கிழிசல் வழியாகத் தண்ணீர் ஃபோமில் இறங்கினால் எளிதில் வெளியே வராது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் கசிந்தால் சீட்டைக் கழற்றி நிழலில் காற்றாட வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. காய்ந்த பிறகு கிழிசலின் இரு ஓரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

சின்னக் கிழிசலுக்குக் காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன் பசை போதும், ஷூ ஒட்டப் பயன்படுத்தும் வகை. சூப்பர் குளூ வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இறுகி, உட்கார்ந்து எழும்போது உடைந்து, கூர்மையான விளிம்பு கால்சட்டையை அறுக்கும். விரல் நீளத்துக்கு மேல் கிழிந்திருந்தால் உள்ளே ஒட்டு வைக்க வேண்டும். மெல்லிய, உறுதியான துணித்துண்டைக் கிழிசலைவிடச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதலாக, மூலைகளை உருட்டி வெட்டி, உறைக்கும் ஃபோமுக்கும் நடுவே நுழையுங்கள். துணியிலும் உறையின் உட்புறத்திலும் கான்டாக்ட் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். மேலே தெரியும் கோட்டில் வளையும் பசையை மெல்லியதாக இழுத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். டேப் சுற்றுவது வீடு வந்து சேரும்வரைதான். வாரக்கணக்கில் விட்டால் அதன் பிசின் உறையில் ஊறி, பிறகு வேறு எந்தப் பசையையும் பிடிக்கவிடாது. மேலே மாட்டும் ஜெல் உறையையும் மலைப்பாதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கயிறு கட்டியிருந்தாலும் நகரும்.

ஒட்டுவதற்கு முன் ஏன் கிழிந்தது என்றும் பாருங்கள். பக்கவாட்டில் என்றால் விழுந்தது. மூக்கிலும் பின்முனையிலும் தேய்ந்திருந்தால், பஞ்சர் பார்க்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தும் பழக்கம். பின்பக்க அடியில் உரசிய தழும்பு இருந்தால் அது டயரின் வேலை. சீட்டை முழுக்க இறக்கிவிட்டுக் குதிக்கும்போது பின் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி டயர் சீட்டைத் தொடுகிறது. பின் சஸ்பென்ஷன் காற்றடைத்த வகை (ஏர் ஷாக்) என்றால் காற்றை இறக்கி, சீட்டையும் கீழே இறக்கி, சைக்கிளை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். டயர் தொட்டால் அந்தச் சைக்கிளில் சீட்டை அவ்வளவு தாழ்த்தக்கூடாது. இதைக் கவனிக்காமல் புதுச் சீட் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

மாற்றுவது என்று முடிவானால், பழையதைக் கழற்றுவதற்கு முன்பே அளவெடுங்கள். பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உயரம். அப்புறம் சீட்டின் அகலம் 80 மி.மீ. வரும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து ஹேண்டில்பார்வரை தூரம். மூக்கு நுனியிலிருந்து அளந்தால் ஏமாற்றும், ஏனென்றால் இப்போது வரும் சீட்டுகளில் பல நீளம் குறைந்தவை. ரெயிலிலிருந்து மேற்பரப்புவரை உள்ள உயரமும் சீட்டுக்குச் சீட் மாறும். பழைய போஸ்ட் குறியை நம்பினால் சில மில்லிமீட்டர் தப்பிப்போய் முழங்கால் வலிக்கும்.

வாங்கும்போது ரெயில் தடிமனைக் கேளுங்கள். இரும்பு, டைட்டானியம் ரெயில்கள் பொதுவாக 7 மி.மீ. உருண்டை. கார்பன் ரெயில்கள் பெரும்பாலும் 7க்கு 9 மி.மீ. முட்டை வடிவம். பக்கவாட்டில் கவ்வும் கிளாம்பில் அதற்கேற்ற துண்டு வேறு வாங்க வேண்டும். 7 மி.மீ. கிளாம்பில் திணித்து இறுக்கினால் கார்பன் நசுங்கும். அகலத்துக்குக் கெட்டியான நாற்காலியில் நெளிவு அட்டை ஒன்றைப் போட்டு, கொஞ்சம் முன்னே சாய்ந்து அழுத்தி உட்காருங்கள். இடுப்பெலும்புகள் பதிந்த இரண்டு குழிகளின் மைய இடைவெளியை அளந்து, ஏறத்தாழ 20 மி.மீ. கூட்டினால் சீட் அகலம் உத்தேசமாகக் கிடைக்கும். மெத்தென்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். ரொம்ப மென்மையான ஃபோமில் எலும்பு அமிழ்ந்து, நடுவில் இருக்கும் நரம்புகளில் எடை விழும். மரத்துப்போவது அதனால்தான்.

மாட்டும்போது கிளாம்ப் ரெயிலின் நேரான பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். அதில் எல்லைக் கோடுகள் போட்டிருப்பார்கள், தாண்டாதீர்கள். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ், கார்பன் ரெயிலில் கிரீஸ் கூடாது. இரண்டு போல்ட் கிளாம்ப் என்றால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்று கிளாம்பிலேயே நியூட்டன் மீட்டரில் பொறித்திருப்பார்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து அதையே பின்பற்றுங்கள். சீட்டை மட்டமாக வைத்துத் தொடங்குங்கள். நீண்ட ஏற்றங்கள் ஏறுகிறவர்களுக்கு மூக்கு 2, 3 டிகிரி தாழ்ந்தால் வசதி. முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும், ரெயில் கிளாம்பில் பதிந்து போல்ட் தளர்ந்திருக்கும்.

பாதி வழியில் ரெயில் முறிந்தால் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் போஸ்ட்டோடு ஓட்டாதீர்கள், விழுந்தால் அந்த முனை உடம்பில் குத்தும். சீட்டைப் போஸ்ட்டிலேயே கட்டி, போஸ்ட்டை முழுக்க இறக்கி, நின்றபடி மெதுவாக வாருங்கள். சரிவில் தள்ளிக்கொண்டு நடங்கள். கழித்த சீட்டை அப்படியே குப்பையில் போடாமல், ரெயிலை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் போடுங்கள். உறை நன்றாக இருப்பதைப் பார்த்து யாராவது எடுத்துத் தன் சைக்கிளில் மாட்டிவிடுவார்கள்.