திரவ நைட்ரஜன் போதுமா? உயர்வெப்பநிலை மீகடத்தியில் அனலாக்–டிஜிட்டல் மாற்றி

உயர்வெப்பநிலை மீகடத்திகளைக் (ஒப்பீட்டளவில் உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையை இழக்கும் பொருள்களைக்) கொண்டு, தொடர் சைகையை எண்களாக்கும் அனலாக்–டிஜிட்டல் மாற்றி அமைக்க எழுதப்படும் ஆய்வுத் திட்டங்களில், 'திரவ நைட்ரஜனிலேயே இயங்கும்' என்ற வரியை அடிக்கடி காண்கிறேன். 1987-இல் கண்டறியப்பட்ட இட்ரியம்–பேரியம்–தாமிர ஆக்சைடு ஏறத்தாழ 92 கெல்வினில் மீகடத்தியாகிவிடுவதால், திரவ நைட்ரஜனின் 77 கெல்வினே போதும் என்று எண்ணுவது இயல்புதான். நுண்ணலை வடிகட்டிக்கு அது போதும். டிஜிட்டல் சுற்றுக்குப் போதாது. இத்துறைக்கு வரும் இளம் பொறியாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

இம்மாற்றியில் ஜோசப்சன் சந்தி, அதாவது இரு மீகடத்திகளை மெல்லிய தடுப்பால் பிரித்த அமைப்பு, நிலைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரேயொரு காந்தப் பாயக் குவாண்டத்தை (காந்தப் பாயத்தின் மிகச்சிறு அலகை) மின்னழுத்தத் துடிப்பாக வெளியிடுகிறது. அத்துடிப்பின் பரப்பு 2.07 மில்லிவோல்ட்–பைக்கோவினாடி, அடிப்படை மாறிலிகளே அதைத் தீர்மானிப்பதால் சந்திக்குச் சந்தி அது மாறுவதில்லை. உள்ளீட்டிலிருந்து பின்னூட்டத்தைக் கழித்து, எஞ்சும் பிழையைத் திரட்டித் துடிப்புகளாக்கும் சிக்மா-டெல்டா மாற்றியின் பின்னூட்டத்தில் இத்துடிப்பையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதுதான், என் பார்வையில், இத்தொழில்நுட்பத்தின் ஈடில்லாச் சிறப்பு.

சிக்கல் வெப்ப இரைச்சலில் இருக்கிறது; வெப்பத்தால் எழும் இந்தத் தற்செயல் அலைவு சந்தியைத் தவறாக நிலைமாற்றிவிடக்கூடும். 4.2 கெல்வினில் இயங்கும் நியோபியச் சுற்றில் சந்தியின் மாறுநிலை மின்னோட்டம் (மின்னழுத்தமின்றி அது தாங்கும் உச்ச மின்னோட்டம்) 0.1 மில்லிஆம்பியர் எனக் கொண்டால், நிலைமாற்ற ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 3,500 மடங்காகும். அதே மின்னோட்டத்தில் 77 கெல்வினுக்குச் சென்றால் அது 200 மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதை ஈடுகட்ட மின்னோட்டத்தை 1.8 மில்லிஆம்பியருக்கு உயர்த்தலாம். ஆனால் மின்னோட்டத்தையும் மின்தூண்டத்தையும் பெருக்கி வருவது ஒரு பாயக் குவாண்டத்தை ஒட்டியே இருக்க வேண்டுமாதலால், தூண்டத்தை ஒரு பைக்கோஹென்றி அளவுக்குக் குறைக்க நேரும். வெப்பநிலை கூடக்கூடக் காந்தப்புலம் ஊடுருவும் ஆழமும் கூடித் தூண்டத்தை உயர்த்துவதால், இந்தக் குறைப்பு மேலும் கடினமாகிறது.

சந்தி செய்வதும் எளிதன்று. இப்பொருளின் ஓரியல்பு நீளம், அதாவது மீகடத்து நிலை மாறுவதற்குத் தேவைப்படும் தொலைவு, ஓரிரு நானோமீட்டர் மட்டுமே. அணு அளவிலான குறைபாடே சந்தியின் பண்பை மாற்றிவிடும். வெவ்வேறு திசையில் அமைந்த இரு படிகங்களை ஒட்டிய இருபடிக அடித்தளத்தில், ஒட்டிய எல்லையில்தான் சந்தி உருவாகும் என்பதால், சந்திகள் அனைத்தும் ஒரே கோட்டில் அமைய வேண்டியிருக்கும். ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தினர் 1990-களின் இறுதியில் இம்முறையில் முதல்படி சிக்மா-டெல்டா பண்பேற்றியைச் (மாற்றியில் உள்ளீட்டைத் துடிப்புகளாக்கும் பகுதியைச்) செய்து காட்டினர். மீகடத்திப் படலத்தின் சரிவான விளிம்பில் அமையும் சாய்விளிம்புச் சந்தியை வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஆயினும் அதற்குப் பல படிக அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்வெப்பத்தில் வளர்க்க வேண்டும்.

ஆகவே இயங்குவெப்பநிலையை 30 முதல் 40 கெல்வின் என வைத்துக்கொண்டு, சிறு குளிர்விப்பானைத் திட்டத்திலேயே சேர்ப்பது நல்லது. துடிப்புகளை எண்களாகத் தொகுக்கும், ஆயிரக்கணக்கான சந்திகள் வேண்டப்படும் டிஜிட்டல் வடிகட்டியைக் குறைகடத்தியிடம் விட்டுவிட்டு, பண்பேற்றியை மட்டும் மீகடத்தியில் அமைக்கலாம். அப்போது, ஒரு மில்லிவோல்ட் அளவைக்கூட எட்டாத துடிப்புகளைப் பிழையின்றிப் பெருக்கி வெளியே கொண்டுவரும் இடைமுகச் சுற்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.