சைக்கிள் எஞ்சினின் காற்று வழியில் கை வைக்குமுன்

போன மாதம் கொழும்பு மட்டக்குளியிலிருந்து ஒரு தம்பி பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். சைக்கிளில் பூட்டும் 66 சிசி கிட் எஞ்சினின் பிஸ்டன். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள், ஒரு றிங் தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பில்டர் பெட்டியக் கழட்டிட்டு பைப் ஒண்ணு போட்டேன் அண்ணே. அன்னைக்கு என்னமா இழுத்திச்சு!" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் நாள் உண்மையாகவே இழுக்கும். இந்தக் கிட் எஞ்சின்கள் பெரும்பாலும் பெற்றோல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்படிதான் வருகின்றன. காற்றைத் திறந்துவிட்டதும் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை கொஞ்சம் மெலியும், அதாவது பெற்றோலின் பங்கு குறையும், சத்தம் கூடும், எஞ்சின் கலகலப்பாகும். கஷ்டம் என்னவென்றால், கலவை அந்த நல்ல இடத்தில் நிற்பதில்லை. சூடான மத்தியானத்தில், முழு அக்சிலேட்டரில், அதையும் தாண்டிப் போய்விடும்.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தனியாக எண்ணெய் ஊற்றி வைக்கும் இடம் இதில் கிடையாது. 1 லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் எண்ணெய் என்று நாம் கலந்து ஊற்றுவதுதான் பிஸ்டனுக்கும் பெயரிங்குக்கும் போகிற முழு எண்ணெயும். பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழுவழுப்பும் போய்விடுகிறது. அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரை விட வேகமாக விரிந்து, ஒரு கட்டத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தம்பிக்கு அப்படிப் பிடித்தது இங்குருகடைச் சந்திக்குக் கிட்டே. துறைமுகத்துக்குப் போகும் கொன்டெய்னர் லொறிகள் எந்த நேரமும் ஓடுகிற இடம். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு நேராகச் செயின் போவதால், எஞ்சின் பிடித்தால் சக்கரமும் பிடிக்கும். கைப்பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியது போல. பின்னால் வந்த லொறி தள்ளி நின்றதால் முழங்கைத் தோலோடு தப்பினார். எஞ்சின் திடீரென்று முனகி இழுவை குறைந்தால் அந்த நொடியே கிளச்சைப் பிடியுங்கள். மற்ற எதையும் அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்தது தூசி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 66 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், அதன் வாய் வழியாக நிமிடத்துக்கு 330 லீற்றர் காற்று போக இடமிருக்கிறது. முழுதாக நிரம்பாது, பாதி என்றே வையுங்கள்: 165 லீற்றர். கிராண்ட்பாஸ், ஆமர் வீதிப் பக்கம் லொறிக்குப் பின்னால் ஓடும்போது அந்தக் காற்றில் சீமெந்தும் மணலும் கலந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் கலவை நேராக மேலே போவதில்லை. முதலில் கீழே கிறாங்க் என்ற சுழலும் தண்டு இருக்கும் அறைக்குப் போய்த்தான் மேலே ஏறும். ஆகவே தூசி முதலில் பெயரிங்கை அரைக்கும், பிறகு பிஸ்டனை. எண்ணெயோடு சேர்ந்த மணல் என்ன செய்யும் என்பதை வால்வு அரைக்கிற பசையைக் கையில் தொட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிளுக்கே வாரம் 4 லீற்றர்தான் என்றிருந்தபோது, புல் வெட்டும் மெசின் எஞ்சினைக்கூடச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் காற்று வழியில் வீட்டிலேயே செய்த சில வேலைகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் வாயில் தேயிலை வடியைக் கட்டுகிறார்கள். அது கல்லை நிறுத்தும், தூசியை நிறுத்தாது. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை வைக்கிறார்கள். பெற்றோல் ஆவி பட்டுப் பட்டு அது உதிர்ந்து, துண்டுகள் உள்ளே போகின்றன. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இணைப்பாகப் போடுவதுதான் இவற்றில் மிக மோசம். அந்த ரப்பர் பெற்றோலில் ஊதிப் பருத்துத் தளர்ந்துவிடும். அங்கே காற்று கசிந்தால் எந்த ஜெட்டாலும் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை) சரிக்கட்ட முடியாது. அக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நின்றால், முதலில் அந்த இணைப்பையும் கேஸ்கட்டையும் பாருங்கள்.

தண்ணீர்ப் போத்தலை வெட்டிப் புனல் போல முன்னால் நீட்டுகிறவர்களும் உண்டு, காற்று தானாக அடைத்து ஏறும் என்று. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம் சுமார் 75 பாஸ்கல். சாதாரணக் காற்றழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆனால் மே மாத மழை வந்தால் அந்தப் புனல் தண்ணீரை நன்றாகவே பிடித்து உள்ளே கொடுக்கும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால்? வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிளுக்கான ஸ்பொஞ்ச் பில்டர் கிடைக்கும். காபரேட்டர் வாயின் அளவுக்குப் பார்த்து, கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். பரப்பு கூடினால் மூச்சும் இலகுவாகும், தூசியும் நிற்கும். பலர் கேட்கும் 'பவர்', பில்டரை எடுத்துவிடுவதால் வருவதல்ல, பில்டரைப் பெரிதாக்குவதால் வருவது. உலர்ந்த ஸ்பொஞ்ச் பாதி வேலைதான் செய்யும். பில்டர் எண்ணெயில் நனைத்து நன்றாகப் பிழிந்து போடுங்கள். வாய் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்க்கட்டும். இந்த எஞ்சின்கள் ஓடும்போது வாய் வழியாகப் பெற்றோல் ஆவியைத் திருப்பித் துப்பும். பக்கத்தில் சூடான சைலன்சரும் உங்கள் காலும் இருக்கின்றன, காபரேட்டர் வாயைத் திறந்தே விட்டு ஓடாதீர்கள்.

பில்டரை மாற்றிய அன்றே கலவையையும் சரிபார்க்க வேண்டும். காபரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், பெற்றோல் கூடும். முழு அக்சிலேட்டருக்கு மெயின் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கலாம். பிறகு வாகனம் இல்லாத நேரான வீதியில் ஒரு நிமிடம் முழு அக்சிலேட்டரில் ஓடி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஆறிய பின் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் முனை பால் ஊற்றிய கோப்பி நிறமாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள், உருட்டிக்கொண்டு போங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது, அவசரமில்லை, மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கிப் பாருங்கள்.

ஸ்பொஞ்சைப் பெற்றோலில் கழுவும் பழக்கமும் இங்கே நிறைய இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் போதும். நிழலில் உலரவிட்டுத் திரும்ப எண்ணெய் போடுங்கள். மட்டக்குளித் தம்பிக்குப் புதுப் பிஸ்டனும் றிங்கும் பூட்டிக் கொடுத்தபோது இரண்டு ஸ்பொஞ்ச் வாங்கச் சொன்னேன், ஒன்று காயும்போது மற்றது பூட்ட.